தோல் படாத உறை

சப்பாத்து ஒன்றுக்குப் புதுக் குதி அடித்துக்கொண்டிருந்த தம்பிமுத்துவின் மேசையில், முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா ஒரு ஐஸ்கிறீம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வனிலாப் படம் போட்ட பழைய பிளாஸ்ரிக் பெட்டி. அப்படியான பெட்டியில் அந்த வீட்டிலிருந்து கடைக்கு வருவது வெள்ளிக்கிழமைச் சுண்டல், தப்பினால் முதல்நாள் மிஞ்சின இடியப்பம். தம்பிமுத்து விரலில் ஒட்டியிருந்த பசையை உரசி எடுத்துவிட்டு, "அக்கா தந்துவிட்டவவோ?" என்று கேட்டார்.

"திறந்து பாருமன்."

உள்ளே, கிழிந்த பெனியன் துணியில் சுற்றி, ஒரு சின்ன றிவோல்வர் கிடந்தது. ஆட்காட்டி விரல் நீளம்கூட இல்லாத குழாய். ஐந்து குண்டு போடும் உருளை. பிடியின் இரண்டு பக்கமும் வார்னிஷ் தேய்ந்த மரம். பெட்டியில் இன்னும் இடியப்ப மணம் போகவில்லை. அந்த மணமும் எண்ணெய் மணமும் சேர்ந்து தம்பிமுத்துவின் மூக்கில் அடித்தன. மூடியை அமத்தி மூடினார்.

"இது என்னத்துக்கு அண்ணை?"

"மானம்பூ வருகுதெல்லே."

நவராத்திரி முடிந்து அம்மன் வெளியே வந்து வாழை வெட்டும் நாள்தான் மானம்பூ. ஸ்காபரோவில், ரயர் கடைக்குப் பக்கத்தில், வெயர்ஹவுஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய கோயிலில் ஸ்ரீஸ்கந்தராசா ஒரு ட்ரஸ்டி. வாழை வெட்டி முடிந்ததும் ஐயர் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்து முதல் ஆளுக்குக் கொடுப்பார். அதற்குக் காளாஞ்சி என்று பெயர். அந்த முதல் ஆள் யார் என்பதில் கோயில் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"போன வெள்ளி வாசலில வைச்சே மற்றப் பகுதி ஆக்கள் சொன்னவங்கள், இந்தமுறை காளாஞ்சிக்குக் கை நீட்டினா என்ர காலை முறிப்பினமாம். முறிக்கட்டும் பாப்பம். எல்லைக்கு அங்காலயிருந்து ஒருத்தன் கொண்டுவந்து தந்தவன்." உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. "காட்டுப் பக்கமாப் போய் ரெண்டு தரம் சுட்டுப் பாத்தன். நாய் மாதிரிக் கடிக்குது. பிடி சரியில்லை. அதுக்கு நல்ல இதமான பிடி ஒண்டு போட வேணும். பிறகு இடுப்பில வைக்க ஒரு உறை. நீர்தானே கைவேலைக்காரன்."

ஒரு தட்டு வெற்றிலைக்கு ஐந்து குண்டோ என்று தம்பிமுத்துவின் வாய்வரைக்கும் வந்தது. "உறை தைக்கத் தோல் இரிக்கு அண்ணை. போன மாதம் ஒரு பெட்டி மிஞ்சினது."

ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம் சுருங்கியது.

"தோலோ? உமக்கென்ன விசரே? கோயிலுக்குள்ள போகேக்க பெல்ற்றையே வாசலில கழட்டி வைக்கிற ஆள் நான். மாட்டுத்தோலை இடுப்பில கட்டிக்கொண்டு அம்மனுக்கு முன்னால நிக்கச் சொல்லுறீரே? துணியில தையும்."

தம்பிமுத்து அவருடைய முகத்தைப் பார்த்தார். பகிடியாகச் சொல்கிறாரோ என்று பார்த்தார். இல்லை. நெற்றியில் மூன்று குறி திருநீறு அழியாமல் அப்படியே இருந்தது.

அந்தக் கடையை ஸ்ரீஸ்கந்தராசா ஒரு இத்தாலியக் கிழவனிடமிருந்து வாங்கி நாலு வருசம். சப்பாத்துத் திருத்துகிற கடை. ஓரத்தில் சாவியும் வெட்டுவார்கள். ஸ்ரீஸ்கந்தராசா கோயில் சனத்துக்கு "எனக்குச் சாவி வெட்டுற பிஸ்னஸ்" என்றுதான் சொல்லுவார். வாடிக்கையாளர் சப்பாத்தை நீட்டினால் கையில் பிளாஸ்ரிக் பையை மாட்டிக்கொண்டு அதை வாங்குவார். மிச்சமெல்லாம் தம்பிமுத்து. தம்பிமுத்து ஊரில் மட்டக்களப்புப் பக்கம் மேசன் வேலைக்குப் போன ஆள். கல்லும் சாந்தும் தூக்கினவர். தோலை அவர் தொட்டதே இங்கே வந்துதான். ஆனாலும் கடைக்கு வரும் தெரிந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தேநீர் நீட்டினால் "இப்பதான் குடிச்சனான்" என்பார்கள். முதலாளியும் அப்படித்தான். நாலு வருசமாக அவர் எப்போதும் இப்போதுதான் குடித்திருப்பார்.

துவக்கு தம்பிமுத்துவுக்குப் புதிதில்லை. ஆமிக்குப் பங்கர் வெட்டியிருக்கிறார். ஆமியோடு சேர்ந்து நின்ற இயக்கத்துக்கு வெட்டியிருக்கிறார். அவர்களுக்கு எதிராக நின்றவர்களுக்கும் வெட்டியிருக்கிறார். மூன்று இடத்திலும் மண் ஒன்றுதான். மண்வெட்டியும் ஒன்றுதான். துவக்கு வைத்திருக்கிறவனுக்கு எப்போதும் ஒருத்தன் கிடங்கு வெட்டவோ தேநீர் ஊற்றவோ வேண்டியிருக்கிறது என்பதை அவர் அங்கேயே கண்டுகொண்டார். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த பிறகும் அந்த வேலை தன்னைத் தேடி ஐஸ்கிறீம் பெட்டியில் வரும் என்று நினைக்கவில்லை.

ஆனால் கடிதம் ஒன்று இருந்தது. மனைவி பரிமளமும் எட்டு வயது மகள் மதுராவும் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், பதினாலு மாதமாகக் காத்திருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பப் போமோடு வேலை கொடுத்தவரின் கடிதம் வைக்க வேண்டும். "போன் நம்பரும் கடிதத்தில இருக்கவேணும், அவங்கள் எடுத்து விசாரிப்பாங்கள்" என்று போம் நிரப்பித் தரும் விநாயகமூர்த்தி சொல்லியிருந்தார். முதலாளியின் மனைவி அருள்நாயகி அக்கா கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்தே வைத்துவிட்டார். முதலாளி கையெழுத்திடும் ஒப்பம் மட்டும்தான் மிச்சம்.

"அந்தக் கடிதம் அண்ணை," என்றார் தம்பிமுத்து.

"மானம்பூ முடியட்டும். இந்தத் தலையிடிக்குள்ள ஒப்பம் வைக்கிற மனநிலையில நான் இல்லை. நீர் இதைச் செய்யும். நான் அதைச் செய்யிறன்."

அந்த ஞாயிறு முதலாளியின் காரில் அஜக்ஸ் தாண்டிப் போனார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சோளக் காணிகளுக்கு நடுவே, வேட்டைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று. ஸ்ரீஸ்கந்தராசா காரை விட்டு இறங்கவில்லை.

"நீர் போம். நான் கோயில் ட்ரஸ்டி. ஆரும் கண்டால் சரியில்லை."

"இந்தக் காட்டுக்குள்ள ஆர் அண்ணை உங்களக் காணுற?"

"சனம் எல்லா இடமும் இருக்குது."

துவக்கைக் கொண்டு போக முடியாது. அதற்கு ஒரு கடதாசியும் இல்லை, கேட்டால் இருவரும் உள்ளே போகவேண்டியதுதான். அதனால் தம்பிமுத்து கடையில் வைத்தே அதை வெள்ளைத் தாளில் கிடத்தி, பென்சிலால் பிடியைச் சுற்றிக் கோடு கீறி எடுத்திருந்தார். சப்பாத்துக்கு அடி வெட்டும்போது அப்படித்தான் அளவு எடுப்பது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

கடைக்குள் சுவர் முழுக்க மான் தலைகள். கண்ணாடிக் கண்ணால் எல்லாம் அவரையே பார்த்தன. தாடி வைத்த பெரிய வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டு வந்தான். தம்பிமுத்து தெரிந்த ஆங்கிலத்தில் "சின்னத் துவக்கு, கைபிடி" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்து விரித்து வைத்தார். வெள்ளைக்காரன் குனிந்து பார்த்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து கறுப்பு றப்பர் பிடி ஒன்றை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தான். திருப்பி வைத்தான். தலையைச் சொறிந்தான்.

"இது என்ன துவக்கு? இதுக்கு ஐந்து விரல் இருக்கிறதே," என்றான்.

தம்பிமுத்து பார்த்தார். அது மதுராவின் கால். இரண்டு நாளுக்கு முன் வந்த கடிதத்தில் பரிமளம் பிள்ளையின் காலைத் தாளில் வைத்துக் கோடு கீறி அனுப்பியிருந்தாள். வந்து இறங்கும்போது பனிச் சப்பாத்து ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளும் அதே சட்டைப் பையில்தான் கிடந்தது. வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளிலெல்லாம் அப்படித்தான், கால் முதலில் தபாலில் வரும், பிள்ளை பிறகு வரும். பென்சில் கோட்டுக்குள்ளே, பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில், அந்தக் கறுப்புப் பிடி கிடந்தது. எண்ணெய் பட்டுத் தாள் ஒரு இடத்தில் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

தம்பிமுத்து தாளை உருவி எடுத்தார். உருவின வேகத்தில் பிடி உருண்டு கீழே விழுந்தது. வெள்ளைக்காரன் கோபப்படவில்லை. "மகளா? மகனா?" என்று கேட்டான். தம்பிமுத்து பையிலிருந்து மற்றத் தாளை எடுத்து வைத்தார். அவன் அதைப் பார்த்ததும் "ஓ, இந்தக் குட்டியா" என்று நல்லாய்த் தெரிந்த ஆளின் பெயரைச் சொல்வதுபோல் ஏதோ இலக்கம் சொன்னான். பிறகு கேட்காமலே தம்பிமுத்துவின் வலக்கையைப் பிடித்து, விரித்து, தன் கையோடு வைத்து அளந்தான். "சின்னக் கை. உனக்கு இதுதான் சரி," என்று விரல் பள்ளம் போட்ட ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தான். அது தன் கை இல்லை, காருக்குள் இருக்கிற இன்னொருத்தனின் கை என்று சொல்லத் தம்பிமுத்துவுக்கு ஆங்கிலமும் வரவில்லை, வெட்கமும் விடவில்லை. வாங்கிக்கொண்டு வந்தார்.

உறைகளையும் பார்த்தார். பாதி தோல். மிச்சம் நைலோன், ஆனால் எல்லாம் பெல்ற்றில் கொளுவுகிறது. வேட்டிக்கு ஏது பெல்ற்று.

திங்கட்கிழமை கடையில் வைத்து மரப்பிடியைக் கழற்றி, றப்பரைப் பூட்டித் திருகினார். சரி பார்க்கக் கையில் எடுத்தார். நாலு விரலும் நாலு பள்ளத்தில் தானாகப் போய் உட்கார்ந்தன. பாரமே தெரியவில்லை. இருபது வருசம் சாந்தகப்பை பிடித்த கை, அதற்குப் பிறகு சுத்தியல் பிடித்த கை, அந்தக் கைக்கு எந்த ஆயுதமும் இப்படி அளவாக இருந்ததில்லை. அவருக்கு அந்தக் கையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டுப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்.

ஸ்ரீஸ்கந்தராசாவின் கைக்கு அது காணாது. அவருடைய விரல்கள் கப்பல் வாழைப்பழம் மாதிரி, ஒரு பள்ளத்தில் ஒன்றரை விரல் நின்றது. "இது குழந்தைப் பிள்ளையளுக்கு வாங்கின மாதிரிக் கிடக்கு," என்றார். திரும்பவும் அஜக்ஸ் போக முதலாளிக்கு நேரம் இல்லை. அதனால் தம்பிமுத்து பள்ளங்களைச் சீவி எறிந்துவிட்டு, மேலே சப்பாத்து அடிக்குப் போடும் மெல்லிய றப்பரை ஒட்டி, அரத்தால் ராவி உருண்டையாக்கினார்.

"சப்பாத்து றப்பரோ?" முதலாளி முகர்ந்து பார்த்தார்.

"புது றப்பர் அண்ணை. ஒருத்தரும் மிதிக்கல்ல."

"அப்ப சரி. கோயிலுக்குத் துடக்கில்லை." இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆ. இப்ப மெத்தையில கை வைச்ச மாதிரி."

உறைக்குத் துணியை அவரே கொண்டுவந்தார். வெளியே கன்வஸ். உள்ளே வைக்க, போன வருசத் திருவிழாவில் தனக்குப் போர்த்த பொன்னாடை. சரிகைக் கரையோடு மினுங்கியது. துவக்கின் இரும்பு தன் வயிற்றில் குளிருமாம், பட்டு என்றால் இதமாம். தம்பிமுத்து மெசினில் துணியை வைக்கப் போனபோது கையைக் காட்டி மறித்தார்.

"பொறும் பொறும். உந்த மெசினிலதானே தோல் தைக்கிறனீர்?"

"வேற மெசின் ஏது அண்ணை."

"ஊசியை மாத்தும். புது ஊசி. மெசினை ஒருக்கால் மஞ்சள் தண்ணியால துடையும்." கொஞ்சம் யோசித்தார். "நீரும் குளிச்சிட்டு வந்து தைச்சா நல்லது. குறை நினையாதையும், இது கோயில் அலுவல்."

தம்பிமுத்து குறை நினைக்கவில்லை. நினைத்ததற்கு அதைவிடப் பெரிய பெயர் இருந்தது. மறுநாள் வெள்ளனக் குளித்து, நனைந்த தலையோடு இரண்டு பஸ் மாறி வந்து, மெசினை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, புது ஊசி கோர்த்து, ஒருவனைச் சுடுகிற சாமானுக்குச் சுத்தமான உறை தைத்தார். தைக்கத் தைக்க எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. இரண்டு தரம் எழும்பிப் போய்த் துப்பினார். கடிதம், கடிதம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பவும் மிதிபலகையில் காலை வைத்தார். வேலை என்று பார்த்தால் நல்ல வேலைதான். தையல் ஒன்றுக்கொன்று கோடு பிசகாமல் ஓடியது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அளவு பார்க்க ஸ்ரீஸ்கந்தராசா பின் அறையில் வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். தம்பிமுத்து அவர் முன்னால் முழங்காலில் இருந்து நாடாவை இடுப்பைச் சுற்றிக் கட்டினார். வியர்வையும் சந்தனமும் கலந்த வாடை. உறைக்குள் றிவோல்வரை வைத்தபோது பாரம் வழக்கத்தை விடக் கூடவாகத் தெரிந்தது.

"குண்டு போட்டிரிக்கோ அண்ணை?"

"போடாட்டி அண்டைக்குப் பாரம் எப்பிடி இருக்குமெண்டு என்னண்டு தெரியும்?"

தம்பிமுத்து கையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அவருடைய முகம் இவ்வளவு நேரமும் அந்தக் குழாய்க்கு நேரே இருந்தது. "அதைக் கழட்டிப்போட்டுக் கூப்பிடுங்க."

"உமக்கு இவ்வளவு பயமெண்டால் மட்டக்களப்பில எப்பிடி இருந்தனீர்?" ஸ்ரீஸ்கந்தராசா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றி, நேர்த்திக்கு எடுத்து வைப்பதுபோல் மேசையில் அடுக்கினார்.

அந்த வெள்ளி கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போய், சனி காலையில் புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

"விழுந்து கும்பிடேலாமக் கிடக்கு. வயித்தில குத்துது. நான் விழுந்து கும்பிடாம நிண்டதைப் பாத்திட்டு ஐயரும் ஒரு மாதிரிப் பாத்தவர். முதுகுப் பக்கம் மாத்தும்."

முதுகுப் பக்கம் மாற்றினார். மேலுக்குச் சட்டை இல்லாமல் நிற்கிற ஆளுக்கு முதுகில் அது பலாக்கொட்டை மாதிரிப் புடைத்தது. பக்கவாட்டுக்கு மாற்றினார். சால்வையைச் சுற்றினால் பிடி மாட்டியது. கடைசியில் நாடாவைக் கூட்டித் தைத்து, தொடையின் உள்பக்கம், வேட்டி மடிப்புக்குள் தொங்குகிற மாதிரிச் செய்தார். கட்டுவதற்கு ஒவ்வொரு தரமும் தம்பிமுத்துதான் குனிய வேண்டியிருந்தது. முதலாளி அந்த நேரத்தில் கண்ணை மூடி நிற்பார். டொக்டருக்கு முன்னால் நிற்கிற நோயாளி போல.

"விழுந்து பாக்கிறன்," என்றார்.

கடை நடுவில், சாவித் தட்டுக்கும் சப்பாத்து றாக்கைக்கும் இடையே, நல்லெண்ணெய் விளக்கு எரியும் பிள்ளையார் படத்தைப் பார்த்து, ஸ்ரீஸ்கந்தராசா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நிலத்தில் தோல்தூளும் ஆணியும் கிடந்தன. அவருடைய குதிக்கால்கள் இரண்டும் மேலே பார்த்துக்கொண்டு வெடித்துக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. ஜமேக்காக்காரப் பெண் ஒருத்தி தன் பூட்ஸை எடுக்க வந்தாள். நிலத்தில் கிடந்த ஆளைக் கண்டு வாயில் கை வைத்தாள்.

"அம்புலன்ஸ் கூப்பிடவா?"

"இல்லை மேடம்," என்றார் தம்பிமுத்து. "அவர் கும்பிடுகிறார்."

பெண் மெல்லப் பின்வாங்கி, தானும் தலையைக் குனிந்து, அவர் எழும்பும்வரை பணிவாக நின்றாள். தம்பிமுத்துவுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. கீழேயிருந்து முதலாளியின் குரல் தமிழில் வந்தது. "இப்ப நல்லாக் கிடக்கு தம்பிமுத்து. ஒண்டும் குத்தேல்லை."

மானம்பூ அன்று ஒன்றுமே நடக்கவில்லை. தம்பிமுத்துவும் போயிருந்தார். வெயர்ஹவுசுக்குப் பின்னால், கார் நிற்கிற இடத்தில் வாழையை நட்டு, ஐயர் வாளால் வெட்டினார். மற்றப் பகுதி ஆட்கள் பெண்டுபிள்ளைகளோடு வந்து, குளிருக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சுண்டல் வாங்கித் தின்றார்கள். காலை முறிப்பேன் என்று சொன்ன ஆளின் மகள் நித்திரையாகி அவன் தோளில் கிடந்தாள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத்தான் காளாஞ்சி கொடுத்தார்கள். தட்டை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிவிட்டு விழுந்து கும்பிட்டார். நல்ல வடிவாகக் கும்பிட்டார். எழும்பும்போது தம்பிமுத்துவைத் தேடிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தான் தைத்த தையல் அந்த வேட்டிக்குள் கிடப்பதை நினைத்த தம்பிமுத்து, கையில் இருந்த சுண்டலைத் தின்ன முடியாமல் குப்பை வாளியில் போட்டார்.

திங்கள் காலை கடை திறந்ததும் கடிதம் வந்தது. கொம்பனித் தலைப்புப் போட்ட தாள். கீழே நீல மையில் ஒப்பம். தம்பிமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கினார். எழுத்துக் கூட்டித் தன் பெயரையும் பரிமளத்தின் பெயரையும் கண்டுபிடித்தார்.

"உதவி செய்திரிக்கிறீங்க அண்ணை."

"உதவிதானே. நீரும் எனக்குச் செய்தனீர்." ஸ்ரீஸ்கந்தராசா கைப்பையைத் திறந்து ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "அருள்நாயகி கௌரி விரதம் தொடங்கியிட்டா. இருபத்தொரு நாளைக்கு உது வீட்டில கிடக்கக் கூடாதாம். கடைசி நாள் காப்புக் கட்டுமட்டும் உம்மட அறையில வையும்."

"என்ட அறையிலயோ?"

"கட்டிலுக்குக் கீழ தள்ளி விடும். உம்மட பேஸ்மென்றுக்கு ஆர் வரப்போகினம்?"

"இஞ்ச கடையில வைங்க."

"இஞ்ச பிள்ளையார் படம் இருக்குதெல்லே. மற்றது, பொலிஸ் வந்தால் கடை என்ர பேரில."

கடைசி வசனத்தை அவர் மறைக்கக்கூட இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். தம்பிமுத்து பெட்டியைப் பார்த்தார். அது அந்த அறையில், அந்த ஒற்றைக் கட்டிலுக்குக் கீழே, பரிமளம் வந்து கூட்டப்போகிற நிலத்தில் கிடப்பதை நினைத்துப் பார்த்தார். இருபத்தொரு நாளில் அவள் வரப்போவதில்லை. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியை முதலாளியின் பக்கம் தள்ளினார்.

"என்னால ஏலாது அண்ணை."

"என்ன ஏலாது? உறை தைச்ச ஆளெல்லே நீர்."

"ஓம். அது என்ட பிழை. இதுவும் செய்தா மறுகா அடுத்ததுக்கும் நான்தான்."

ஸ்ரீஸ்கந்தராசா கத்தவில்லை. அவருடைய உதடு மட்டும் ஒரு பக்கம் போனது. சப்பாத்து வாங்கும்போது பிளாஸ்ரிக் பையை மாட்டுவாரே, அந்த முகம். "பாரும், இமிகிரேசன்காரன் போன் எடுப்பான். எடுத்தால் நான் என்னத்தைச் சொல்லுறது? இப்பிடி ஒருத்தர் என்னட்ட வேலை செய்யேல்லை எண்டோ?"

கடிதம் தம்பிமுத்துவின் கையில் இருந்தது. கொண்டு போனாலும் இனி அது வெறும் தாள்தான். அதை மடிக்காமல், ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியில் வைத்தார். ஏப்பிரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முதலாளி பின்னால் "நன்றி கெட்ட சாதி" என்று சொன்னது கேட்டது. நாலு வருசத்தில் அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். தம்பிமுத்துவுக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

அறைக்கு வந்து போன் கார்ட்டைச் சுரண்டி இலக்கத்தை அமத்தினார். இங்கே காலை பத்து மணி, அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். லொட்ஜ்காரன் கூப்பிட்டுப் பரிமளம் வந்தாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் இடையில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"இருபத்தொரு நாள்தானே," என்றாள் கடைசியில். "வைச்சுக் குடுத்திரிக்கலாமே."

"ஏலாமப் போச்சு."

"உறை தைக்க மட்டும் ஏலுமாப் போச்சா?"

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"லொட்ஜில இரிக்கிறமெண்டு இஞ்ச பொலிசில பதியப் போனா மூணு மணித்தியாலம் நிக்கோணும். அவன் துவக்கை மேசையில வைச்சிட்டுத்தான் பேரைக் கேப்பான். நானும் பிள்ளையும் அதப் பாத்துக்கிட்டுத்தான் பேர் சொல்ற. நான் என்ன, ஏலாதெண்டு எழும்பி வந்தனானா?"

"இல்ல."

"மறுகா என்ன?"

தான் செய்தது சரி என்று சொல்லத்தான் தம்பிமுத்து போனை எடுத்தார். இப்போது அது வாயில் புளித்தது.

"எத்தின மாசம் போகும்?" என்று கேட்டாள்.

"புது இடத்தில ஆறு மாசமாவது நிண்டாத்தான் கடிதம் தருவாங்களாம். கோழி வெட்டுற கொம்பனி ஒண்டுக்கு ஆள் எடுக்கிறாங்க. நாளைக்கு விடிய வான் வரும்."

"ஆறு மாசம்." அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப பிள்ளைய இஞ்ச பள்ளிக்கூடத்தில சேக்கத்தான் வேணும். சும்மா வைச்சிருக்க ஏலாது."

"ஓம். சேர்."

"அந்தக் கோழி முதலாளியும் கோயில் கட்டின ஆளா எண்டு ஒருக்கா விசாரிச்சிட்டுச் சேருங்க."

அவள் பகிடிக்குச் சொன்னாளோ கோபத்தில் சொன்னாளோ தெரியவில்லை.

"பிள்ளை எங்க?"

"நித்திரை. எழுப்பவா?"

"வேணாம். படுக்கட்டும்."

ஒரு நிமிடம் இருக்கிறது என்று கார்ட்டின் பதிவுக் குரல்காரி ஆங்கிலத்தில் இடையில் சொன்னாள். அது முடியும்வரை இருவரும் போனை வைக்கவில்லை.